சொன்னால் அடிக்க மாட்டேன்

அந்த ரவிக்கை ஓமந்தூர் அஞ்சம்மாளின் மகள் கல்யாணத்துக்காகத் தைத்தது. மயில்கழுத்து நிறப் பட்டு. இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் ஜரிகையும் மணியும் வைத்து ஆரி வேலை. திண்டிவனத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் கலையரசிக்கு இப்படிக் கல்யாண ரவிக்கை வருவது அபூர்வம். பள்ளிச் சீருடை, சாதா ரவிக்கை, சுரிதார் பிடித்துக் கொடுப்பது, இவைதான் அவளுக்கு அன்றாடம் வரும் வேலைகள். இந்த ஒன்றுக்குப் பத்து நாள் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வலி முதுகுக்கு இறங்கிவிட்டது. மறுநாள் காலை அஞ்சம்மாள் வந்து வாங்கிப்போக வேண்டும்.

மே மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் சங்கவி இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள். அப்பா மணிமாறன் விழுப்புரம் தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்கு முன் போனால் பிள்ளை தூங்கப்போகும் நேரத்துக்குத்தான் வருவான். ஆகவே அம்மாவும் மகளும்தான் நாள் முழுக்க ஒரே அறையில்.

அன்று மதியம் கலையரசி தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். மெஷின் பலகையில் மடித்து வைத்திருந்த ரவிக்கை விரிந்து கிடந்தது. இடது கையில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டு. மணிகள் கொஞ்சம் தரையில் சிதறியிருந்தன. பக்கத்தில் பழைய காலண்டர் தாளில் வெட்டிய நாலைந்து பூக்கள்.

சங்கவி சுவரோரம் நின்றிருந்தாள்.

"யாரு பண்ணது இது?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. கேட்கத் தேவையில்லாத கேள்வி. ஆனாலும் கேட்டாள். குழந்தை வாய் திறக்கவில்லை.

"சங்கவி, உண்மையச் சொல்லு. சொன்னா அடிக்க மாட்டேன். பொய் சொன்னாதான் அடிப்பேன்."

சங்கவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பேச்சை நம்பலாமா என்று அவள் யோசித்ததாகக் கூடத் தெரியவில்லை. அம்மா சொன்னால் அது அப்படித்தான்.

"நான்தாம்மா. பேப்பர்ல பூ வெட்டிக்கினு இருந்தேன். அடியில துணி மாட்டிக்கினு இருந்தது தெரியல."

கலையரசி ரவிக்கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டு, வேலைப்பாட்டின் நட்ட நடுவில் போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கை மர ஸ்கேலை எடுத்தது. எத்தனை அடி என்று அப்போது எண்ணவில்லை. பின்னால் பல முறை எண்ணிப் பார்க்க முயன்றாள். ஒரு தரம் நாலு என்று தோன்றும், ஒரு தரம் ஆறு என்று தோன்றும்.

சங்கவி கத்தி அழவில்லை. உள்ளங்கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சொன்னா அடிக்க மாட்டேன்னு சொன்னியேம்மா" என்றாள்.

"இதுக்கு அடிக்காம வேற இன்னாத்துக்கு அடிக்கிறது?" என்றாள் கலையரசி.

சாயங்காலம் கோபம் தணிந்து பயம் வந்தது. அஞ்சம்மாளிடம் என்ன சொல்வது? குழந்தை வெட்டிவிட்டது என்றால், கல்யாணத் துணியைக் குழந்தை கையெட்டும் இடத்தில் வைப்பாயா என்று கேட்பாள். ஊர் முழுக்கச் சொல்வாள். கலையரசி வாசலுக்கு அருகே வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஊசியை எடுத்து, கத்தரிக்கோல் போட்ட நேரான ஓரத்தை நூல் நூலாகப் பிரித்தாள். இரண்டு மூன்று இடத்தில் பல்லால் கடித்து இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வெட்டு, எலி கொறித்தது போலவே ஆகிவிட்டது.

சங்கவி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வெளையாடு."

காலையில் அஞ்சம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கல்யாண வேலையில் அலைந்து முகம் கறுத்துப்போயிருந்தது. ரவிக்கையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"எலிக்கா. காலையில எழுந்து பாக்கறேன், இப்படி ஆயிப்போச்சி. மேல ஒரு பட்டி வெச்சித் தெச்சி மறைச்சிடறேங்கக்கா. யார் கண்ணுக்கும் தெரியாது."

அஞ்சம்மாள் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்ல மல்லாக்கொட்ட மூட்டைய ஒண்ணு வுடாம ஓட்ட போட்டு வெச்சிருக்குது. நீ இன்னா பண்ணுவ பாவம். பாத்துச் சரி பண்ணிக் குடு." எழுந்து போகும்போது, சங்கவியின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

கலையரசிக்கு உயிர் வந்தது. பட்டி வைத்துத் தைத்தாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தாள். அந்த இரண்டு நாளில் தன் மகள் எதையெல்லாம் கற்றுக்கொண்டாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. சங்கவிக்கு அஸ்வினி என்றொரு தோழி. அதே வகுப்பு, அதே தெரு. அவள் அம்மா ஆரோக்கியசெல்வி கட்டட வேலைக்குப் போகிறவள். கணவன் கேரளாவில் ஏதோ வேலையில் இருந்தான். பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகவே இருப்பார்கள். தெருக்கோடியில் பாதியில் நின்றுபோன ஒரு வீடு இருந்தது. அதற்குள் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. "அந்தப் பக்கம் போனீங்க, கால ஒடிச்சிடுவேன்" என்று கலையரசி இருவரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் அந்தத் தாய்நாய் பால்காரர் பெரியசாமியைக் கடித்துவிட்டது. காரணமே இல்லாமல் ஓடிவந்து காலைக் கவ்வியது என்றார் அவர். அடுத்த இரண்டு நாளில் நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. நகராட்சி ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள். பெரியசாமி கடிபட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார்.

குழாயடியில் பெண்கள் இதைத்தான் பேசினார்கள். "அந்தக் குட்டிங்க கூட எந்தப் புள்ளைங்கனா வெளையாடிச்சிங்களா, கேட்டுக்கங்கம்மா" என்றாள் ஒருத்தி. கலையரசி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சங்கவியைக் கூப்பிட்டாள்.

"நீ அந்த நாய்கிட்ட போனியா?"

"இல்லம்மா."

"குட்டியத் தொட்டியா?"

"இல்லம்மா."

கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். தடுமாற்றமே இல்லை. பொய் சொல்கிற பிள்ளை கண்ணைப் பார்க்காது என்பது கலையரசியின் நம்பிக்கை. நிம்மதியாகப் போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை. அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்துக்காக மணிமாறனின் முதலாளி இரண்டு வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். அவன் முந்தின நாளே போய்விட்டான். வேலை குறைவாக இருந்ததால் கலையரசி மகளின் புதுச் சீருடைப் பாவாடையை எடுத்தாள். சீருடை தாமதமாகத்தான் வந்திருந்தது. அதுவரை சங்கவி கால் மறைக்கும் சுரிதாரைத்தான் போட்டுக்கொண்டு போனாள். பாவாடை நீளமாக இருந்தது. சங்கவியை முக்காலி மேல் நிற்கவைத்து, கீழே மண்டியிட்டு, மடிக்க வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே சுற்றி வந்தாள். பின்பக்கம் வந்தபோது கை நின்றது.

இடது கெண்டைக்காலில் மஞ்சள் அப்பியிருந்தது. காய்ந்து வெடித்த மஞ்சள். விரலால் துடைத்தாள். அடியில் மேலே இரண்டு, கீழே ஒன்றாகப் பொருக்குத் தட்டிய சின்னப் புண்கள்.

"இது இன்னாது?"

"முள்ளும்மா."

"முள்ளு கிழிச்சா கோடாதான இருக்கும்?"

"குத்திடுச்சிம்மா."

"மஞ்சள் யாரு வெச்சது?"

"நானே வெச்சேன்."

எட்டு வயதுக் குழந்தை. அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து, தண்ணீரில் குழைத்து, அம்மா பார்க்காத நேரத்தில் தனக்குத் தானே மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். கலையரசி சாக்கட்டியைக் கீழே வைத்தாள். மகளை முக்காலியிலிருந்து இறக்கி மடியில் உட்காரவைத்தாள்.

"கண்ணு, உண்மையச் சொல்லு. சொன்னா அடிக்க மாட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சங்கவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏற்கெனவே கேட்டு, என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்ட ஒன்றை மறுபடியும் கேட்கும் பார்வை.

"முள்ளுதாம்மா" என்றாள்.

எப்படியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடத்தான் வேண்டும். ஆனால் அங்கே கேட்பார்கள்: எந்த நாய், எப்போது கடித்தது, வேறு யாரையாவது கடித்ததா? அதற்கெல்லாம் இந்தக் குழந்தைதான் பதில் சொல்ல வேண்டும். இவளோ சொல்லமாட்டாள். மிரட்டினால் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வாள்.

"அன்னைக்கு ரவிக்க கிழிஞ்சிதே, அப்ப நீ உண்மையத்தான் சொன்ன. அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு அடிச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன்டா."

"பரவால்லம்மா" என்றாள் சங்கவி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல. கொஞ்சம் பொறுத்து, "நீ அந்த அம்மாகிட்ட எலின்னு சொன்ன இல்ல. அவங்க உன்ன ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தான் கண்டுபிடித்ததை எடுத்துச் சொல்லும் குரல். உண்மை சொன்னவள் கையில் ஸ்கேல் விழுந்தது. பொய் சொன்னவளிடம் பாவம் என்றார்கள். இரண்டையும் அவள் இந்த வீட்டிலேயே, ஒரே நாள் இடைவெளியில் பார்த்திருக்கிறாள்.

கலையரசி மகளை மடியிலிருந்து இறக்கி உட்காரவைத்தாள். பிறகு போனை எடுத்து ஓமந்தூருக்குப் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தி, மகளுக்குக் கேட்கும்படி தரையில் வைத்தாள். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திண்டிவனம் கலையரசி பேசறேன்."

"சொல்லு கலை. நல்லா கீறியா?"

"அக்கா, கல்யாண ரவிக்க எலி கடிக்கலக்கா. எம் பொண்ணு தெரியாம கத்திரி போட்டுட்டா. நான்தான் ஊசியால பிரிச்சிவுட்டு, பல்லால கடிச்சி, எலி கடிச்ச மாதிரி பண்ணேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க."

அந்தப் பக்கம் எங்கோ டிராக்டர் ஓடுவது மட்டும் கேட்டது.

"எலின்னு சொன்னப்ப உன்ன நெனச்சி எனக்கு அவ்ளோ பாவமா இருந்திச்சி" என்றாள் அஞ்சம்மாள். "கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டல்லாம் அந்தக் கதையச் சொல்லிக்கினு இருந்தேன். கொழந்த கிழிச்சிடுச்சின்னு சொல்லியிருந்தா, கொழந்தைய நான் இன்னா முழுங்கவா போறேன்? உக்காந்து பல்லால கடிச்சி வெச்சிக் காட்டியிருக்கறியே. உன்ன நம்பி இனிமே எப்படி ஒரு துணி குடுக்கறது?"

"நீங்க சொல்றது சரிதாங்கக்கா."

"சரி, வெய்யி."

போன் அணைந்தது. கலையரசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"திட்டிட்டாங்களாம்மா?"

"ஆமா."

"இனிமே வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க. தப்பு பண்ணது நான்தான. வாங்கிக்கினுதான் ஆவணும்."

சங்கவி பாவாடையில் போட்டிருந்த சாக்கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள். "நாய்தாம்மா."

குட்டியைத் தூக்கினாளாம். தாய்நாய் பாய்ந்து வந்ததாம். பெரியசாமியைக் கடிப்பதற்கு மூன்று நாள் முன்னால். அதாவது இன்றைக்குப் பன்னிரண்டு நாள். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கச் சொன்னாள். கடைசியில் கலையரசி, "உன்ன மட்டுந்தான கடிச்சிது?" என்று கேட்டாள்.

சங்கவி மறுபடி வாயை மூடிக்கொண்டாள். இந்த முறை அழுதாள். "சொல்ல மாட்டேன்னு சாமி சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருகிட்ட?"

"அஸ்வினிகிட்ட. அவளத்தான் மொதல்ல கடிச்சிது. கையில. ரத்தம் வந்துச்சி. அவ வீட்ல சொல்றேன்னு அழுதா. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"ஏன்டா?"

"உண்மையச் சொன்னாதான் அடிப்பாங்கன்னு சொன்னேன்."

ஆரோக்கியசெல்வி மகளோடு போன வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டு, விழுப்புரம் பக்கம் ஏதோ கட்டட வேலை என்று போயிருந்தாள்.

திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் சங்கவிக்குத் தடுப்பூசியும், புண்ணைச் சுற்றி இன்னொரு ஊசியும் போட்டார்கள். டாக்டர் அம்மா திட்டவில்லை. "லேட்டுதான். இப்பவாவது வந்தீங்களே. மீதி மூணு ஊசியும் தேதி தவறாம போட்டுடணும்" என்றார். அந்த இன்னொரு குழந்தையை இன்றைக்கே எந்த ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப்போகச் சொன்னார். "கையில கடின்னா ரொம்ப முக்கியம். நரம்பு அதிகம் இருக்கற இடம்."

ஆரோக்கியசெல்வியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணிமாறனுக்குப் போன் போட்டால் மேல்மலையனூர்க் கூட்டத்தின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. "நீ கெளம்பு, ஜல்தியா கெளம்பு" என்றது மட்டும் தெளிவாக விழுந்தது. ஆரோக்கியசெல்வியை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி குமரேசனின் நம்பரைத் தெருவில் ஒருவரிடம் வாங்கினாள். விழுப்புரம் தாண்டி, திருவாமாத்தூர் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள், அங்கேதான் இருக்கிறார்கள் என்றார் அவர்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் சங்கவி தூங்கிவிட்டாள். கலையரசி மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பசங்க பயந்துக்கினு சொல்லாம இருந்துடுச்சிங்க. இப்படிச் சொன்னால் போதும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆரோக்கியசெல்வி அதற்கு மேல் கேட்கப்போவதும் இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும் வரைக்கும் அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தாள். மடியில் கிடந்த, ஊசி போட்ட மகளின் காலைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

மண்டபத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. பின்னால் தகரக் கொட்டகைகள். அஸ்வினி ஜல்லிக் குவியல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சங்கவியைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். பக்கத்தில் வந்ததும் சங்கவியின் அம்மாவும் இருப்பதைக் கவனித்து நின்றாள். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் காய்ந்த வடு தெரிந்தது.

ஆரோக்கியசெல்வி சிமென்ட் கையோடு வந்தாள். "இன்னாக்கா, இவ்ளோ தூரம்?"

கலையரசி சொன்னாள். நாய் செத்ததையும் பெரியசாமிக்குக் கடிபட்டதையும் சொன்னாள். பிறகு ரவிக்கையிலிருந்து ஆரம்பித்து, தான் கொடுத்த வாக்கு, அடித்த அடி, எலிக் கதை, சங்கவி அஸ்வினியிடம் சொன்ன வார்த்தை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஆரோக்கியசெல்வி மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிளேடு கிழிச்சிடுச்சின்னு சொன்னா" என்றாள். "பென்சில் சீவும்போதுன்னு சொன்னா. நானும் தேங்கா எண்ண வெச்சிவுட்டேன்."

பிறகு அவள் மகளின் உயரத்துக்குக் குனிந்தாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் உன்ன என்னிக்குனா அடிச்சிருக்கனா?"

அஸ்வினி தலையை ஆட்டினாள். இல்லை.

"ஒரு நாளும் அடிச்சதில்லக்கா" என்றாள் ஆரோக்கியசெல்வி, கலையரசியைப் பார்த்து. "அவங்க அப்பாவையும் அடிக்க வுட்டதில்ல. எங்கிட்ட எல்லாம் சொல்லுவா. ஒவ்வொண்ணும் சொல்லுவா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கலையரசி அஸ்வினியின் கையிலிருந்த வடுவையே பார்த்தாள். தன் மகளுக்குத் தான் கற்றுக்கொடுத்தது இன்னொருத்தி வீட்டுக்குள்ளும் போயிருக்கிறது. அடியே விழாத வீட்டில் ஒரு குழந்தை அடிக்குப் பயந்து பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

மேஸ்திரியின் வண்டியில் விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அஸ்வினியின் கைப் புண்ணில் ஊசி இறக்கியபோது இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விரலிடுக்கில் சதையே இல்லை. ஊசி போகப் போக அவள் அலறியது வெளியே வராந்தா வரைக்கும் கேட்டது. வராந்தாவில் சங்கவி காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். "என்னாலதான?" என்று கேட்டாள்.

"என்னாலடா" என்றாள் கலையரசி. "நீ பண்ணதும் தப்புதான். ஆனா அத உனக்குச் சொல்லிக்குடுத்தது நான்."

குழந்தைக்கு அது எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அதை எளிதாகச் சொல்லும் வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர்கள் பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். முழு உறுதி யாரும் கொடுக்கவில்லை. வெறிநாய்க்கடி முற்றினால் தண்ணீர் இறங்காது என்பார்கள். அதன்பிறகு வந்த வாரங்களில் சங்கவி தண்ணீர் டம்ளரை எடுக்கும்போதெல்லாம் கலையரசியின் மெஷின் நின்றுவிடும். குழந்தை குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும் வரை பார்த்திருந்து, பிறகுதான் காலை மிதிக்கட்டையில் வைப்பாள். கொஞ்சம் காய்ச்சல் கண்டாலும் நெற்றியிலிருந்து கை எடுக்க மாட்டாள். மணிமாறன் விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டு இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "நானுந்தான் எத்தினி தடவ கைய ஓங்கியிருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அஸ்வினி எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஆரோக்கியசெல்விக்குப் போட்ட போன்களை அவள் எடுக்கவில்லை. மேஸ்திரியிடம் கேட்டுத்தான் கலையரசி தெரிந்துகொண்டாள். நன்றாக இருக்கிறாள், ஊசி தவறவிடவில்லை.

கடைசி ஊசி நாளில் சங்கவிக்குத் திண்டிவனத்தில் போட்டுவிட்டு, அவளைப் பக்கத்து வீட்டில் விட்டு, கலையரசி மட்டும் விழுப்புரம் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். அம்மாவும் மகளும் பதினோரு மணிக்கு வந்தார்கள். அஸ்வினி கொஞ்சம் வளர்ந்தது போலத் தெரிந்தாள். ஊசி போட்டு முடிந்ததும் மூவரும் வெளியே டீக்கடையில் நின்றார்கள்.

"போன் எடுக்கலன்னு தப்பா நெனக்காதக்கா" என்றாள் ஆரோக்கியசெல்வி. "எடுத்தா இன்னா பேசறதுன்னு தெரியல. நீ வந்து சொல்லலன்னா எம் பொண்ணு இல்ல. அதுவும் எனக்குத் தெரியிது."

"சங்கவி இவளயே கேட்டுக்கினு இருக்கா. லீவுல ஒரு நாள் கூட்டிக்கினு வரட்டுமா?"

ஆரோக்கியசெல்வி டீயைக் குடித்து முடித்தாள். "வேணாங்க்கா. இவ இப்பதான் மறுபடியும் எல்லாத்தயும் சொல்ல ஆரம்பிச்சிருக்கா. கொஞ்ச நாள் போவட்டும்."

எவ்வளவு நாள் என்று கலையரசி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சங்கவி ஓடிவந்து கேட்டாள். "அஸ்வினி வர்றாளா?"

"இப்ப இல்லடா."

"எம்மேல கோவமா?"

"அவங்க அம்மாவுக்கு எம்மேலதான் கோவம். அது சரியான கோவம்."

சங்கவி வாசலில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆவணியும் புரட்டாசியும் போயின. அரையாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம், ஒரு மாலை சங்கவி பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கலையரசி மெஷினை நிறுத்தினாள். மகள் தன் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முதலில் கண், பிறகு வாய், பிறகு கை எங்கே இருக்கிறது என்று. பிள்ளை அப்படிப் பார்ப்பது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. எதையும் சொல்லும் முன் ஒரு நிமிடம் இப்படி அளந்து பார்ப்பாள். மே மாதம் அந்த மதியத்துக்கு முன்னால் அவள் ஒரு தடவையும் இப்படிப் பார்த்ததில்லை.

அவசரப்படுத்தவில்லை கலையரசி. சொல்லு என்றும் சொல்லவில்லை. அடிக்க மாட்டேன் என்ற வார்த்தையை அவள் விட்டு வெகு நாளாகிறது.

"பக்கத்துல உக்காந்த புள்ளயோட தண்ணி பாட்டில ஒடச்சிட்டேன்" என்றாள் சங்கவி கடைசியில். "மிஸ் கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்."

"மிஸ் இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நானும் வர்றேன். அந்தப் புள்ளகிட்ட நாம ரெண்டு பேரும் சொல்லலாம். போய் மூஞ்சி கழுவு."

சங்கவி நகரவில்லை. இவ்வளவுதானா என்பது போல இன்னும் சற்று நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கலையரசி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தாள். மகள் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தாள்.